வெட்டும்போது 26, கொடுக்கும்போது 30?



எம்மிடம் படித்த தம்பி ஒருவர் போன கிழமை ஒரு துண்டோடு வீட்டுக்கு வந்தார். வெளியூர்க் கடையொன்றில் மூன்று வருடத்துக்கு மேல் நின்றவர். சம்பளம் 39,000 ரூபா. கட்டாருக்கு விசா வந்ததும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு விலகினார். வருடாந்த லீவில் 9 நாள் மிச்சம். முதலில், "நீயாகத்தானே போகிறாய், லீவுக்குக் காசில்லை" என்றார்களாம். பிறகு 11,700 ரூபாவைக் கையில் வைத்து, "இது நம்மட சந்தோசம்" என்றார்களாம்.

"சேர், கணக்கு சரியா?" என்று கேட்டார்.

39,000ஐ 30ஆல் பிரித்தால் நாளுக்கு 1,300. 9 நாளுக்கு 11,700. பெருக்கலில் பிழையில்லை. ஆனால் சில மாதங்களுக்கு முன் வாப்பாவுக்குச் சுகமில்லை என்று அவர் லீவு கேட்டபோது, "சீசன் நேரம்" என்று மறுத்து, நின்ற இரண்டு நாளுக்கும் நோ பே போட்டு 3,000 வெட்டியிருக்கிறார்கள். அது 26ஆல் பிரித்த கணக்கு, நாளுக்கு 1,500. அதே கணக்கில் 9 நாளுக்கு 13,500 வரவேண்டும். குறைந்தது 1,800 ரூபா.

எந்த எண்ணால் பிரிப்பது என்று வாதாட நாம் வரவில்லை. வெட்டுவதற்கு ஓர் எண், கொடுப்பதற்கு வேறோர் எண் என்பதுதான் அநியாயம். அளவையும் நிறுவையும் பற்றி ஜும்ஆவில் கேட்கிறோமே, இதுவும் அதே தராசுதான்.

அதைவிட உறுத்துவது "சந்தோசம்" என்ற சொல். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடாந்த லீவு 14 நாள். அது முந்திய வருடம் உழைத்ததற்காகக் கிடைப்பது. அதனால்தான் புதிதாகச் சேர்ந்தவருக்கு அடுத்த வருட லீவு சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தால் 14, ஜூன் வரை என்றால் 10, செப்டெம்பர் வரை 7, அதன் பிறகு 4. கெசுவல் லீவு 7 நாள் வேறு. அதை இதோடு குழப்பக் கூடாது. வேலை முடியும்போது எடுக்காத வருடாந்த லீவையும் சம்பளத்தோடு தீர்க்க வேண்டும். போன வருட வியர்வைக்கு இந்த வருடம் தருவது எப்படி அன்பளிப்பாகும்?

முதலாளிமாரின் கஷ்டமும் எமக்குத் தெரியும். வியாபாரம் மந்தம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. அது பிழை, தம்பிமாரே. ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவியுங்கள். எடுத்த லீவைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். கொப்பி இல்லாமல் போனால் வாய்ப்பேச்சுதான் மிஞ்சும்.

நானாமாரே, உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறோம். வருட முடிவில் ஊழியரோடு இருந்து லீவுக் கணக்கைப் பாருங்கள். மிச்சத்தை வியாபாரம் குறைந்த நாட்களில் லீவாகவே கொடுத்துவிடுங்கள். பிள்ளை வீட்டில் இருப்பான், உங்களுக்கும் கடைசியில் பெரிய தொகை சேராது.

தம்பி அந்த 1,800ஐக் கேட்கப் போவதில்லையாம். "சலாம் சொல்லி வந்த கடை சேர், விடுங்க" என்கிறார். அவர் விட்டது அவருடைய பெருந்தன்மை. கொடுக்க வேண்டியவருக்கு அது கடன்தான்.

வஸ்ஸலாம்.