மலைக்குப் போக 3,000 ரூபாய் எதற்கு?

சுற்றுலா என்றாலே நம் சங்கத்தில் சொகுசுப் பஸ், மூன்று நாள், ஊட்டி என்று ஆகிவிட்டது. இந்த வருஷம் தலைக்கு 3,000 ரூபாய். பேர் கொடுக்காதவர்களை "ஆர்வம் இல்லாதவங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஆர்வத்துக்கு என்ன குறைச்சல்? என் அம்மா தறிப்பட்டறைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பரீட்சைக் கட்டணம், டிராயிங் ஷீட் போக 3,000-க்கு எங்கே போறது?

நான் கேட்பது ஒரே ஒரு நாள். நாமக்கல்லில் அரசு பஸ் ஏறினால் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால், 1,000 மீட்டர் ஏற 20 கிலோமீட்டர் ரோடு வேணும். அவ்வளவு நீளத்தை ஒரே சரிவில் மடித்து வைக்கத்தான் இந்த வளைவுகள். கரும்பலகையில் பார்த்தபோது எனக்கு இது ஏறவே இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துச் சாய்ந்தபோது ஏறியது.

மெக்கானிக்கல்காரர்களுக்கும் பாடம் உண்டு. இறங்கும்போது டிரைவர் கியரைக் குறைத்து என்ஜினையே பிடிமானமாக வைக்கிறார். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காது. ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்பது 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலும் இருக்கிறது. (நம்ம ஊர் பைக்காரர்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை!)

செம்மேட்டில் இறங்கி ஊர் ரோட்டிலேயே நடக்கலாம். மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, பலா, அன்னாசி, அவசரமே இல்லை. அரப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்குறது சுகம், ஏறும்போதுதான் தெரியும். முடியாதவர்கள் கோயிலிலேயே உட்காரட்டும்.

"காட்டுக்குள்ள போய் ஏதாவது ஆயிட்டா?" என்பார்கள். நியாயம்தான். 2018 மார்ச்சில் குரங்கணி தீயில் எத்தனை உயிர் போனது! அதனால்தான் ரோட்டையும் படிகளையும் விட்டு விலக வேண்டாம் என்கிறேன். காட்டுப்பாதைதான் வேண்டும் என்றால், வனத்துறை 2024-இல் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. அனுமதி வாங்கிப் போகலாம்.

இன்னொன்று, மூன்று நாள் என்றால் நம் வகுப்புப் பெண்களில் பாதிப் பேரை வீட்டில் விடுவதில்லை. பொழுது சாய வீடு திரும்பினால் விடுவாங்க.

செலவு பஸ் டிக்கெட்டும் கட்டுச்சோறும்தான். அடுத்த பொதுக்குழுவில் இதை எழுந்து கேட்கப் போகிறேன். பேர் கொடுக்காத பதினோரு பேரும் கை தூக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு