மஞ்சளும் மறதியும்

சென்ற மே விடுமுறைக்குத் தில்லியிலிருந்து புறப்படும் தறுவாயில், நெல்லையிலிருந்து தந்தையார் தொலைபேசியில் ஓர் ஆணை பிறப்பித்தார்: "டெல்லியில நல்ல மஞ்சள் மாத்திரை கிடைக்குமாம். ஆச்சிக்கு ஞாபகம் திரும்பும்னு சொல்லுதாங்க. ரெண்டு புட்டி வாங்கிட்டு வா." நானோ உயிர்வேதியியல் முதுகலை மாணவன். மறுக்கத் துணிவில்லை, வாங்கவும் மனமில்லை.

மஞ்சளைப் பழிப்பது என் நோக்கமன்று. மஞ்சள் மணக்கும் அடுப்பங்கரையில் வளர்ந்தவன் நான். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கென அமெரிக்காவில் 1995-இல் அளிக்கப்பட்ட காப்புரிமையை, நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்து நின்று 1997-இல் நீக்கச் செய்ததே, அதில் யாருக்குத்தான் பெருமை இல்லை? ஆனால் அவ்வெற்றி எதை நிலைநாட்டியது? இது பழைய அறிவு, புதுக் கண்டுபிடிப்பன்று என்பதை மட்டுமே. மூளையைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை.

மஞ்சள் உண்ணும் இந்தியருக்கு முதுமை மறதி வாராது என்கிறார்கள். இக்கதையின் வேர் நமக்கு அருகிலேயே, தில்லிக்குத் தெற்கே அரியானாவின் பல்லப்கட்டில் இருக்கிறது. 2001-இல் வெளியான ஆய்வின்படி, 65 வயதைக் கடந்த ஆயிரம் பேரில் ஆண்டுதோறும் புதிதாக அல்சைமர் நோய்க்கு ஆளாவோர் அங்கே 4.7 பேர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பகுதியில் 17.5 பேர். வியப்புத்தான்! ஆயின் அந்த ஆய்வில் எவர் வீட்டுக் குழம்பிலும் மஞ்சளை அளக்கவில்லை. கண்காணித்த காலம் குறைவு, எச்சரிக்கையோடு கொள்க என்று ஆய்வாளரே எழுதினர். 2023-இல் வெளியான நாடளாவிய மதிப்பீடோ, 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, முதுமை மறதி உண்டு என்றது. அத்தனை வீடுகளிலும் மஞ்சள் இல்லாமலா போயிற்று?

மஞ்சளிலுள்ள குர்குமின், தாவரங்கள் தரும் பாலிபீனால் வகையைச் சேர்ந்தது. மஞ்சள் பொடியின் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு. உண்டதும் குடலும் கல்லீரலும் அதை உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன; இரத்தத்தை எட்டுவது மிகச் சொற்பம். கண்ணாடித் தட்டில் உயிரணுக்களின்மேல் குர்குமினை ஊற்றி மகிழும் எங்களைப் போன்றோர் இதை வசதியாக மறந்துவிடுகிறோம். மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்காகிறது என 1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் கண்டார்கள். இல்லாமைக்கு அடுத்திருப்பதை இருபதால் பெருக்கினால் எவ்வளவு வந்துவிடும்? அதோடு பைப்பரின், வேறு மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் தடுக்கக்கூடியது. ஆச்சியோ இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை உண்பவள். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் அழற்சி கண்டவர்களைப் பற்றி 2019-இல் இத்தாலியிலிருந்து செய்தி வந்ததும் நினைவுக்கு வந்தது.

நோயாளிகளிடம் சோதித்ததில்லையா? உண்டு. 2012-இல் வெளியான ஆய்வில் அல்சைமர் நோயாளிகள் 36 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 2 அல்லது 4 கிராம் குர்குமின், 24 வாரம் கொடுத்தார்கள்; பயனில்லை. 4 கிராம் வேண்டுமானால் 130 கிராம் மஞ்சள் பொடி வேண்டும். எந்தக் குழம்பு தாங்கும்? 2018-இல், நோயில்லாத 40 பேரிடம், எளிதில் உட்கவரப்படும் வகையை 18 மாதம் சோதித்தபோது நினைவாற்றல் மேம்பட்டது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் நாற்பது பேர் போதுமா? கிங்கோ இலைச் சாற்றைப் பற்றியும் முன்பு இப்படித்தான் நம்பிக்கை இருந்தது. 3,069 பேரிடம் ஆறாண்டு சோதித்த பின், அது மறதியைத் தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவாயிற்று.

தோழர்களே, வீட்டில் நம்மை நம்பிக் கேட்கிறார்கள். "ஏதோ வாங்கிக் கொடுப்போம், கெடுதலில்லை" என்று நழுவுவது எளிது. அந்தப் பணமும் கவலையும் வேறெங்கோ போயிருக்கவேண்டியவை. லான்செட் குழு 2024-இல் பதினான்கு காரணிகளை எண்ணி, அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காட்டு முதுமை மறதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்றது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கல்விக் குறைவு, தனிமை, செவித்திறன் குறைவு எல்லாம் அப்பட்டியலில் உண்டு.

புட்டி வாங்காமலே ஊர் போய்ச் சேர்ந்தேன். தந்தையார் இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆச்சியைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரு செவியும் பெரிதும் மந்தமாம், எத்தனை ஆண்டாகவோ! "வயசானா அப்படித்தான்" என்று விட்டிருந்தோம். காது கேட்கும் கருவியின் விலை கேட்டுத் தந்தையார் மறுபடி முணுமுணுத்தார். அதுவும் மாயமருந்தன்று. 977 முதியோரிடம் நடந்து 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது அதனால் அறிவுத் தேய்வு குறையவில்லை; அபாயம் மிகுந்தோரிடம் மட்டுமே குறைந்தது. இதையும் அவரிடம் சொன்னேன். சொல்லித்தான் வாங்கினோம்.

ஆச்சி இன்றும் என்னைச் சித்தப்பாவின் பெயரிட்டே அழைக்கிறாள். ஆனால் இப்பொழுதெல்லாம், தில்லியில் மழையா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு, மறுமொழிக்குக் காத்திருக்கிறாள்.