28 நாளைக்கு ஒரு மாசமாம்!

"மாசம் 199 ரூபாதானே மச்சி, ஒரு பிரியாணி காசு!"

என் வகுப்பில் இதைச் சொல்லாத ஆளே கிடையாது. நானும் சொன்னவன்தான். ஆனா பிரியாணி தின்னா அன்னிக்கோட கணக்கு முடிஞ்சுது. இது அடுத்த மாசமும் வந்து வாசல்ல நிக்கும்.

கதை இதுதாங்க. "முதல் மாதம் இலவசம்" என்று ஒரு வீடியோ ஆப். அப்பாவின் போனில் ஆட்டோபே போட்டுக் கொடுத்தேன். செமஸ்டர் வந்தது, மறந்துட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு, சீட்டுப் பணம் 2,000 அனுப்பப் போனால் கணக்கில் 1,640 தான் இருக்கு. அம்மா எதிர் வீட்டில் கைமாத்து வாங்கினாங்க. அப்புறம் தோண்டிப் பார்த்தா, 199 வீதம் 995 ரூபாய் போயிருக்கு. அந்த அஞ்சு மாசத்தில் நாங்க ஒரு படம்கூட அதில் பார்க்கலை.

முன்னறிவிப்பு வரலையா என்று கேட்பீங்க. வந்துச்சே! பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து கட்டாயம். லோன் வேணுமா, லாட்டரி வேணுமா என்ற குப்பைக்கு நடுவில், இங்கிலீஷில் வந்து கிடந்தது. அப்பா அதைப் படிக்கணுமாம். நல்லா இருக்கு நியாயம்!

இத்தனைக்கும் எங்க வீட்டுக்கு சந்தா புதுசில்லை. பால், பேப்பர், கேபிள் எல்லாம் அம்மாவின் நோட்டில் வருஷக்கணக்கா இருக்கு. "நாளைலேருந்து வேணாம்" என்று பால்காரரிடம் சொன்னா முடிஞ்சது. ஊருக்குப் போனா பேப்பர்காரர் அந்த நாளைக் கழிச்சுக்குவார். இங்கேயோ, சேர ஒரே அமுக்கு, விலக ஏழு பக்கம், ஒவ்வொன்றிலும் "நிஜமாவே போறீங்களா?" என்று அழுகை வேற. இதை 'சந்தாப் பொறி' என்றே பேர் வைத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 தந்திரங்களில் சேர்த்திருக்கு. தடை இருக்கு, பொறியும் இருக்கு.

அடுத்து ரீசார்ஜ். சம்பளம் வருஷத்துக்கு 12 தடவை. 28 நாள் பேக் போட்டா ரீசார்ஜ் 13 தடவை! 299 ரூபாய் பேக், வீட்டில் நாலு போன் என்று வைத்துக்கொள்ளுங்க. அந்த 13-வது மாசத்துக்கு மட்டும் 1,196 ரூபாய். எந்த வீட்டு பட்ஜெட்டிலும் இல்லாத மாசம் அது. 84 நாள் பேக்கை 'மூணு மாசம்' என்று நம்புறவங்களும் இருக்காங்க. நாலு தடவை போட்டாலும் 336 நாள்தான் சாமி. 30 நாள் பேக் ஒன்றாவது வைக்கணும், மாசா மாசம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் வைக்கணும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டுச்சு. கடையில் யாராவது உங்களுக்கு அதை எடுத்துக் காட்டினாங்களா?

"வருஷ சந்தா கட்டு, லாபம்" என்கிற அறிவாளிகளுக்கு: அமேசான் பிரைம் 2016-ல் இங்கே வந்தபோது வருஷத்துக்கு 499. 2021 டிசம்பரில் 1,499. 2025 ஜூனில் படத்துக்கு நடுவே விளம்பரம். அது வேண்டாம்னா தனிக் காசு. பழக்கிட்டு ஏத்துறதுதான் வியாபாரமே. இதில் பசங்க ஊதாரித்தனம் என்று எங்களையே திட்டுறாங்க. (என்னைத் திட்டலாம், தப்பில்லை.)

இப்போ வீட்டில் ஆட்டோபே மொத்தமும் ரத்து. ஒரு சமயத்தில் ஒரே ஆப், ஒரே மாசம், கையால் கட்டணும். முடியும் தேதி அம்மாவின் நோட்டில், பால் கணக்குக்குக் கீழே.

போன வாரம் தங்கச்சி ஒரு சீரியலுக்காக ஒண்ணு கேட்டா. அம்மா யோசிச்சுட்டுக் கேட்டாங்க: "பத்து நாள் ஊருக்குப் போறோமே, அதைக் கழிச்சுக்குவானா?"