கருவி எவர் கையில்?

உழுபவனுக்கே நிலம் என்ற கோரிக்கையின் நியாயத்தை இவ்விதழின் வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் அதே நியாயம் கணினித் துறைக்கும் பொருந்தும் என்று கூறினால், முற்போக்காளர் சிலர்கூட நகைக்கின்றனர். “அது பொறியியலாளரின் விவகாரம், சமுதாயப் பிரச்சினையன்று” என்பது அவர்தம் வாதம். வணிகக் கம்பனிகள் விற்கும் செய்நிரலாக்கக் கருவிகள் திறந்த மூலமாதல் வேண்டுமா என்னும் வினா, உற்பத்திக் கருவி எவர் கையில் இருத்தல் வேண்டும் என்ற பழைய வினாவேயாம்.

செய்நிரலாளன் எழுதுவது மனிதன் வாசிக்கத்தக்க மூலக் குறிமுறை. அதனைக் கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றுவது தொகுப்பான் என்னும் கருவி. பிழை தேடுதற்கும் திருத்தங்களை வரிசைப்படுத்திக் காத்தற்கும் வேறு கருவிகள் உள. இக்கருவிகளும் மென்பொருள்களே, இவற்றுக்கும் மூலக் குறிமுறை உண்டு. கம்பனி அதனைப் பூட்டிவைத்து, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்கிறது. தச்சனது உளி மழுங்கினால் அவனே தீட்டிக்கொள்வான். பூட்டிய கருவியை வாங்கியவனோ கம்பனியின் தயவுக்குக் காத்திருக்கவேண்டும்.

இது கற்பனையன்று. மைக்ரோசொப்ட் கம்பனி 1998 இல் வெளியிட்ட விசுவல் பேசிக் 6 என்னும் கருவியைக்கொண்டு எண்ணற்ற சிறு நிறுவனங்கள் தம் கணக்கு வேலைகளுக்கும் களஞ்சிய வேலைகளுக்கும் செய்நிரல்களை ஆக்கிக்கொண்டன. 2002 இல் அதே பெயர் தாங்கி வந்த புதிய கருவி பழையதனோடு பொருந்தவில்லை. ஆண்டுக்கணக்கில் எழுதியவற்றைத் திரும்ப எழுதவேண்டிய நிலை தோன்றிற்று. பழைய கருவியைத் தொடர்ந்து பேணுமாறு 2005 இல் செய்நிரலாளர் பலர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். கம்பனி இணங்கவில்லை. 2008 இல் ஆதரவு முற்றாக நின்றது. தான் பேண விரும்பாத கருவியைப் பிறர் பேணுதற்காவது அதன் மூலத்தைக் கொடுத்ததா? இன்றுவரை இல்லை. ஆனால் 1983 ஆம் ஆண்டுக்குரிய ஜீ. டபிள்யூ. பேசிக்கின் மூலக் குறிமுறையை 2020 இல் அதே கம்பனி உலகுக்கு வழங்கிற்று! பசித்திருந்தவனுக்கு மறுத்த சோற்றை அவனது திவசத்தன்று படைப்பதற்கு இஃது ஒப்பாகும்.

இன்னுமோர் உதாரணம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை ஆக்குவோர் தம் திருத்தங்களைக் காத்தற்கு 2002 முதல் பிற்கீப்பர் என்ற வணிகக் கருவியைப் பயன்படுத்தினர். கம்பனி அதனை அவர்கட்கு இலவசமாகவே கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: இலவசமாகப் பெற்றவர் அதற்குப் போட்டியான கருவி எதனையும் ஆக்கலாகாது. அதனோடு இணைந்து இயங்கத்தக்க மென்பொருளொன்றை அன்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுத முயன்றதும், 2005 இல் கம்பனி இலவச அனுமதியை நிறுத்தியது. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்பது அன்று தெளிவாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் லினஸ் ரோவால்ட்ஸ் கிற் என்னும் திறந்த கருவியை எழுதத் தொடங்கினார். சில வாரங்களில் அது வேலைக்கு வந்தது. இன்று உலகின் செய்நிரலாளர் பெரும்பான்மையோர் கையாள்வது அதனையே. பிற்கீப்பரும் 2016 இல் திறந்த மூலமாயிற்று. ஆனால் அதனைத் தேடுவார் அப்போது அரியர்.

“உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா?” என்று கேட்பார் உளர். வேண்டும். ஆனால் கம்பனியிற் கருவியை ஆக்கிய செய்நிரலாளன் மாதச் சம்பளக்காரன். பூட்டின் திறவுகோல் அவன் கையிலும் இல்லை. கூலி கொடுத்தே கருவியைத் திறக்கலாம் என்பதற்குச் செய்நிரலாக்கத்துக்கு அயலான துறையொன்றிற் சான்றுண்டு. முப்பரிமாணப் படங்களை ஆக்கும் பிளெண்டர் என்ற மென்பொருளின் கம்பனி 2002 இல் நொடித்தது. ஒரு இலட்சம் யூரோ தந்தால் மூலத்தைத் திறக்கலாம் என்று அதன் முதலீட்டாளர் இணங்கினர். பயன்படுத்துவோர் ஏழே வாரங்களில் அப்பணத்தைத் திரட்டினர். அவ்வாண்டு ஒக்ரோபரில் பிளெண்டர் பொதுச்சொத்துப்போல் எல்லார்க்கும் திறந்தது. விலை கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. விலை கொடுத்தபின்னும் பூட்டுத் தொடர்வதையே எதிர்க்கிறோம்.

மறுபுறத்தில், திறந்த மூலம் என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டும் நண்பர்கட்கும் ஒன்று கூறவேண்டும். பெருங்கம்பனிகள் இன்று தாமே சில கருவிகளைத் திறக்கின்றன. விசுவல் ஸ்ரூடியோ கோட் என்னும் கருவியின் மூலத்தை மைக்ரோசொப்ட் 2015 இல் வெளியிட்டது. ஆயினும் நாம் தரவிறக்கும் ஆயத்த வடிவம் கம்பனியின் தனி உரிமத்துக்குட்பட்டது. அதனோடு இணைக்கும் துணைக்கருவிகளுட் சிலவும் பூட்டியவையே. கதவைத் திறந்துவைத்து அறைகளைப் பூட்டும் தந்திரம் இது. முதலாளியின் மனமாற்றத்தை நம்பியிருப்பது இயக்கமாகாது.

ஆனாற் பொது உரிமத்தோடு ஒருமுறை திறந்ததை மீண்டும் பூட்டுதல் அரிது. சன் கம்பனி ஜாவா மொழியின் கருவிகளைத் திறப்பதாக 2006 இல் அறிவித்துச் செயற்பட்டது. 2010 இல் அதனை வாங்கிய ஒறக்கிள் கம்பனி, 2019 இல் தன் வெளியீட்டை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. திறந்த ஜாவா ஏற்கெனவே பொதுக் கையில் இருந்தமையால், ஆயிரக்கணக்கானோர் அப்பக்கம் சென்று தம் வேலையைத் தொடர்ந்தனர். தயவுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாயிருத்தல் வேண்டும். ஒரு கருவியைப் பேணுவதைக் கம்பனி நிறுத்தும் நாளிலேயே அதன் மூலக் குறிமுறை வெளியிடப்படல் வேண்டும். இது விற்பனை ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் இடம்பெறல் வேண்டும். மக்கள் பணத்தில் வாங்கும் கருவிகட்கு இந்நிபந்தனை கட்டாயமாதல் வேண்டும். பாடசாலையிற் கற்பிக்கும் கருவி திறந்ததாகவே இருத்தல் வேண்டும். எமது உயர்தர வகுப்பு மாணவர் கற்கும் பைதன் மொழி அத்தகையது. வறிய வீட்டுப் பிள்ளையும் அதனைக் களவின்றி, கடனின்றித் தன்னதாக்கிக்கொள்ளலாம். ஏனைய கருவிகளைத் தெரிவு செய்யும்போதும் இதனையே அளவுகோலாகக் கொள்ளுமாறு ஆசிரியர் சங்கங்கள் குரலெழுப்பவேண்டும். மாணவனுக்குப் பூட்டிய கருவியைப் பழக்கிவிட்டு, பின்னர் அவன் சுதந்திரமாகச் சிந்திக்கவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை.