உறங்கும் அறையில் நெருப்பு வேண்டாம்



மழைக்காலம் ஓய்ந்து மார்கழி பிறந்துவிட்டால் கொல்லிமலையின் இரவுகள் நடுங்க வைக்கும். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள இம்மலையின் குளிர், அடிவாரத்து நாமக்கல்லும் ராசிபுரமும் அறியாதது. குளிர்நாடுகளில் உள்ளதைப் போல் வீடு முழுவதையும் சூடேற்றும் அமைப்பு இங்கு வழக்கத்தில் இல்லை. கம்பளியும் கணப்பும்தான் மக்கள் அறிந்த வழிகள். அரையாண்டு விடுமுறையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குடும்பத்துடன் மேலே வந்து தங்குவோரும் பலர். ஆகவே, குளிர்காலத்திற்கு ஒரு முஸ்லிம் இல்லம் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, அதில் இருந்தோருடன் தீப்பற்றி எரிந்தது. அச்செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதருக்குப் பகை என்றும், உறங்கச் செல்கையில் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. இதை உலக நன்மைக்கான அறிவுரை என்று விளக்கிய அறிஞர்களும் உண்டு. ஆயினும் உயிருக்கு ஆபத்து என்று தெளிவாகத் தெரிந்துவிட்ட இடத்தில், அறிவுரைதானே என்று அதை ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

அந்த ஆபத்து தீப்பற்றுவது மட்டுமன்று. மூடிய அறையில் கரியோ விறகோ எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் பொருளுடன், அவ்வுயிர்க்காற்றைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இது பற்றிக்கொள்கிறது. புகை அடங்கிய செந்தணல் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அத்தணலிலிருந்தே இவ்வாயு மிகுதியாக வெளிப்படுகிறது. விழித்திருப்போருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் என அறிகுறிகள் தோன்றும். உறங்குவோருக்கு அந்த எச்சரிக்கையும் கிட்டுவதில்லை.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்னும் மலையூருக்குச் சுற்றுலா சென்ற கேரளத்தவர் எட்டுப் பேர், ஒரே அறையில் எரிவாயுக் கணப்பை ஏற்றிக் கதவு சன்னல்களைத் தாழிட்டு உறங்கினர். எவரும் உயிர் பிழைக்கவில்லை. அவர்களில் நால்வர் குழந்தைகள். அவர்கள் நாடியது பிள்ளைகளுக்குச் சற்று வெதுவெதுப்பு மட்டுமே. நம் வீட்டுப் பெற்றோர் நாடுவதும் அதைத்தானே?

"எங்கள் பாட்டன் காலம் முதல் வீட்டுக்குள் தீ மூட்டித்தான் உறங்கினோம், யாருக்கு என்ன ஆயிற்று?" என்று சிலர் கேட்கக்கூடும். அக்காலத்து மலைவீட்டை நினைத்துப் பாருங்கள். புல் வேய்ந்த கூரை; மூங்கில் தட்டியின் மேல் மண் பூசிய சுவர். அவற்றின் இடைவெளிகள் வழியே புகையும் நச்சும் ஓரளவு வெளியேறின. இன்றோ கான்கிரீட் கூரை, கண்ணாடிச் சன்னல், இடுக்கின்றிப் பொருந்தும் கதவு. நெருப்பு பழைய நெருப்புதான். வீடு பழைய வீடு அன்று.

"ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்க, இவ்வளவு அச்சம் எதற்கு?" என்போரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்த நபியின் சமுதாயம் நாம். தவக்குல் என்பது கவனக்குறைவுக்கு இட்ட மறுபெயர் அன்று.

குளிரைத் தாங்கி உளூச் செய்வதற்குப் பெரும் நன்மை உண்டு என்பது உண்மையே. ஆனால் உயிரைப் பணயம் வைக்க மார்க்கம் சொல்லவில்லை. ஹிஜ்ரி 8இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவொன்றில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிர் போகும் என அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்னும் கருத்துடைய இறைவசனத்தைத் தம் செயலுக்குக் காரணமாகக் கூறியபோது, நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்கள், கண்டிக்கவில்லை. அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சி, உயிர்காத்தலும் வணக்கத்தின் ஒரு பகுதியே என உணர்த்துகிறது.

ஆகவே, குளிர் முற்றுமுன் ஆயத்தமாவோம். கம்பளிகளை வெயிலில் உலர்த்தி வைப்போம். கணப்பு மூட்டுவதாயின் முற்றத்தில் மூட்டி, உறங்குமுன் நீரூற்றி அணைப்போம். தணல் சட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுவர வேண்டாம். மின்கணப்பு வாங்குவோர் வீட்டு மின்கம்பிகள் அதைத் தாங்குமா என்று முதலில் மின்பணியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். அதைப் படுக்கைக்கும் திரைக்கும் அருகில் வைக்கலாகாது. எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கருவியைக் காற்றோட்டமற்ற குளியலறைக்குள் பொருத்துவதும் இதே நச்சுக்கு வழி திறப்பதாகும். தஹஜ்ஜுத், ஃபஜ்ரு நேரங்களில் கால் நனைக்க இயலாதோருக்குத் தோல் காலுறை மீது மஸஹு செய்யும் சலுகை இருக்கிறது. உள்ளூரில் இருப்போருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிகளுக்கு மூன்று. எவரேனும் தலைசுற்றி விழுந்தால், உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108ஐ அழைக்க வேண்டும்.

இமாம்களுக்கும் ஒரு வேண்டுகோள். மார்கழியின் முதல் ஜும்ஆவில் சில நிமிடங்கள் இதைப் பேசுங்கள். மதரஸாப் பிள்ளைகளுக்கு உறங்கும்போது ஓதும் துஆவைக் கற்பிக்கும் நாம், உறங்குமுன் நெருப்பை அணைக்கும் சுன்னத்தையும் அத்துடன் கற்பிப்போம். நம் வீட்டில் மடித்துக் கிடக்கும் கம்பளியில் ஒன்று, தோட்டத்துக் காவலாளிக்கோ தங்கும் விடுதியின் பணியாளருக்கோ போய்ச் சேரட்டும். கம்பளி இல்லாதவர்தாம் தணல் சட்டியை அறைக்குள் கொண்டுசெல்கிறார்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் நம் அண்டை வீட்டாரையும் காத்தருள்வானாக. ஆமீன்.