எந்த மரக்காலால் அளப்பார்கள்?

மாலை மங்கும் நேரத்தில் குமணன்சாவடியில் நின்று பாருங்கள். போரூர், மணப்பாக்கம் பக்கமிருந்து கம்பெனி வண்டிகள் வந்து இறக்கிவிடும் வாலிபர்களும் பெண்களும் யார்? ஆவடியிலும் அம்பத்தூரிலும் இயந்திரத்தோடு மல்லுக்கு நின்றவர்களின் பிள்ளைகள். பூந்தமல்லிக்கு மேற்கே நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகள். "ஐ.டி. கம்பெனிக்காரர் சங்கதி நமக்கெதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அந்தச் சங்கதி நம் வீட்டுக்குள் வந்து வெகுநாளாயிற்று.

அந்த உலகில் இப்போது அடிக்கடி அடிபடும் வார்த்தை 'இணைப்பு'. இரண்டு கம்பெனிகள் ஒன்றாகும்போதெல்லாம், இரு கம்பெனிகளின் 'கலாசாரங்களை'யும் கலந்து ஒன்றாக்கப் போவதாக முதலாளிகள் முழங்குகிறார்கள். ஏதோ சங்கீதமும் நாட்டியமும் போல! லீவு எத்தனை நாள், ராத்திரி வேலைக்கு என்ன படி, மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா அல்லது கைகட்டி நிற்க வேண்டுமா, வருஷக் கடைசியில் மார்க் போடுவது யார் என்பவைதான் இந்தக் கலாசாரம்.

மணப்பாக்கத்தில் பெரிய வளாகம் வைத்திருக்கும் எல் அண்ட் டி கம்பெனியின் கதையையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் 1999-ல் பத்துப் பேர் தொடங்கிய மைண்ட்ட்ரீ கம்பெனி மீது அதன் கண் விழுந்தது. 2019 மார்ச்சில், கஃபே காபி டே அதிபர் சித்தார்த்தாவிடமிருந்த சுமார் 20 சத பங்குகளை, பங்குக்கு 980 ரூபாய் விலையில் வாங்க ஒப்பந்தம் செய்தது. தாங்கள் கட்டி வளர்த்த ஸ்தாபனத்துக்கே ஆபத்து என்று மைண்ட்ட்ரீயை ஆரம்பித்தவர்கள் குரலெழுப்பினார்கள். பயனில்லை. அந்த வருஷம் ஜூலைக்குள் கம்பெனி கைமாறியது, அவர்கள் வெளியேறினார்கள். 2022 நவம்பர் 14-ல் எல் அண்ட் டி இன்ஃபோடெக்கும் மைண்ட்ட்ரீயும் ஒரே கம்பெனியாயின. மைண்ட்ட்ரீயின் 100 பங்குக்குப் பதில் 73 பங்கு என்று பங்குதாரனுக்குத் தெளிவாகக் கணக்குப் போட்டார்கள். சிப்பந்தியின் பழக்கவழக்கத்துக்கு அப்படி ஏதாவது விகிதம் போட்டார்களா?

விவசாயக் கூலிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரண்டு பண்ணைகள் ஒரே கைக்கு வந்தன என்று வையுங்கள். ஒன்றில் நிறை மரக்கால். உச்சிவேளையில் நிழலில் உட்காரலாம். மற்றதில் அடி தூக்கிய மரக்கால். குனிந்த முதுகு நிமிரக் கூடாது. மறு போகத்தில் கூலியை எந்த மரக்காலால் அளப்பார்கள்? கேட்க ஆளில்லாவிட்டால் சின்ன மரக்கால்தான்.

இணைந்த கம்பெனியின் கணக்கையே பாருங்கள். 2022-23-ல் வருமானம் 33,183 கோடி ரூபாய்; அடுத்த வருஷம் 35,517 கோடி. ஆட்களோ 2023 மார்ச்சில் 84,546. 2024 மார்ச்சில் 81,650. குறைந்த 2,896 பேரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள் என்று நாம் சொல்லவில்லை. தானாக விலகிப் போனவர்களும் இதில் உண்டு. ஆள் குறைந்தது, வரவு பெருகியது. மிச்ச வேலை யார் தலையில் ஏறும் என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். 2025 ஜனவரியில், இந்தக் கம்பெனிக்கும் தலைவராயிருந்த எல் அண்ட் டி தலைவரின் பேச்சு வெளிவந்தது. வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிறும் வர வேண்டுமாம். ஏழு நாளும் உழைத்தாலும் நாளுக்கு ஏறக்குறைய 13 மணி! எந்தக் கலாசாரம் ஜெயிக்க வேண்டுமென்று மேலிடம் ஆசைப்படுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது? இணைப்புக்குப் பங்குதாரரும் கடன் கொடுத்தவரும் ஓட்டுப் போடுகிறார்கள், உழைப்பவனுக்கு ஓட்டில்லை. ஸ்தாபனம் கைமாறினால் சர்வீஸ் அறுபடக் கூடாது, வேலை நிபந்தனைகள் முன்னைவிடக் குறையக் கூடாது, இல்லையேல் நஷ்டஈடு தர வேண்டும் என்று தொழில் தகராறுச் சட்டத்தின் 25 எஃப்.எஃப். பிரிவு கூறியது. 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் அமலான தொழில் உறவுத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. ஆனால் "எஞ்சினீயர் தொழிலாளி அல்ல" என்று கூறித் தட்டிக் கழிக்கப் பார்க்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். நம் பிள்ளைகளில் பலரும் அதை நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு மில்கள் இருந்தன. 1920-ல் அவற்றை ஒரே கம்பெனியாக இணைத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1918 ஏப்ரல் 27-ல், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிவிட்டது. இரு மில் தொழிலாளரும் அதில் அங்கத்தினர். எந்த மில்லின் வழக்கம் நிலைக்கும் என்று வெள்ளைக்கார நிர்வாகத்தைக் கேட்க அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சங்கம் இருந்தது.

ஐ.டி. சிப்பந்திகளுக்கும் தொழில் தகராறுச் சட்டம் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு சர்க்காரே 2016-ல் தெரிவித்தது. இன்றிரவு வண்டியிலிருந்து இறங்கி வீடு வரும் மகனிடமும் மகளிடமும் இதைச் சொல்லுங்கள். அவர்களுடைய கம்பெனியை வாங்கப் போகிறவன் யார், அங்கே லீவும் ராத்திரிப் படியும் எப்படி என்று, அந்தக் கம்பெனிச் சிப்பந்திகளையே இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.