வாயைத் திறந்தது வைத்தியத்துக்கு, வீடியோவுக்கு இல்லை

நான் பல் டாக்டர் இல்லை. பி.காம். முடிச்சுட்டு அரசு வங்கியில் சேர்ந்து, இப்போ நாக்பூரில் கடன் கோப்புகளைப் புரட்டிக்கிட்டிருக்கும் சாதாரண ஆபீசர். கிளினிக் வைக்க லோன் கேட்டு இளம் பல் டாக்டர்கள் வருவாங்க. முன்னெல்லாம் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் டெண்டல் சேர், எக்ஸ்-ரே, ஆட்டோகிளேவ், கடை அட்வான்ஸ் இருக்கும். இப்போ மாசாமாசம் 'சோசியல் மீடியா' செலவுன்னு ஒரு வரி சேர்ந்திருக்கு. வாடகையும் இ.எம்.ஐ.யும் கட்டணுமே, புரியுது.

ஆனா அந்த வரிக்குள்ள இருக்கிற சரக்கு என்ன? நோயாளியோட வாய்! 'முன்பு - பின்பு' படம், நாற்காலியில் படுத்திருக்கிறவரை வைத்து ரீல்ஸ். இதைத்தான் தப்புங்கறேன்.

"கண்ணை மறைச்சுட்டோம் சார்" என்பார்கள். உடைந்த முன்பல்லை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் ஊர் நம்ம ஊர். "சம்மதம் வாங்கிட்டோம்" என்பார்கள். செலவு குறைவுன்னு கல்லூரி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளி, மாணவர் மொபைலை நீட்டினால் வேண்டாம்னு சொல்லிடுவாரா? அது சம்மதம் இல்லைங்க, சங்கடம்.

"மூடிய குரூப்தானே" என்ற சமாதானமும் செல்லாது. கனடாவில் டல்ஹௌசி பல்கலையின் பல் மருத்துவ மாணவர்கள் ஃபேஸ்புக்கில் மூடிய குரூப் ஒன்று வைத்து, உடன் படிக்கும் பெண்களைப் பற்றி அசிங்கமாக எழுதினார்கள். 2014 டிசம்பரில் வெளியே வந்தது. 13 பேரை நோயாளிகளைத் தொடவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். பட்டம் வாங்கும் வருஷத்தில்!

வாய்த்துடுக்குக்கும் விலை உண்டு. டல்லாஸில் ஒரு பல் கிளினிக், தன்னைக் குறைசொன்ன நோயாளிக்கு யெல்ப் தளத்தில் பதில் எழுதும்போது அவருடைய பெயரையும் சிகிச்சை விவரத்தையும் போட்டுவிட்டது. 2019-இல் 10,000 டாலர் கட்டி முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அங்கே தானே என்று இருக்க வேண்டாம். நம் பல் மருத்துவர்களுக்கான 2014 நன்னெறி விதிகளும் விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதை நெறிமீறல் என்றே சொல்கின்றன. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தாச்சு.

எங்க தொழிலில், வேலையில் சேரும்போதே ரகசியம் காப்பேன்னு கையெழுத்து வாங்கிடுவாங்க. 1970 சட்டத்திலேயே இருக்கு. ஒரு வாடிக்கையாளரின் பாஸ்புக்கைப் படமெடுத்து, "பாருங்க, நம்ம கிளையில் எவ்வளவு டெபாசிட்"னு நான் போட்டால் சும்மா விடுவீங்களா? பாஸ்புக்குக்கு உள்ள மரியாதை பல்லுக்குக் கிடையாதா?

"அப்போ விழிப்புணர்வு?" நல்லா பண்ணுங்க. எப்படித் தேய்க்கணும், குட்கா வாயை என்ன பண்ணும்னு பிளாஸ்டர் மாடலை வைத்துச் சொல்லுங்க. அதுக்கு யார் முகமும் வேண்டாம்.

மாணவர்களைவிடக் கல்லூரிகள் மேல்தான் எனக்குக் கோபம். பல் பிடுங்கச் சொல்லித்தரும் இடத்தில், சொந்த மொபைலில் எடுத்த படம் தானாகவே பேக்கப்புக்குப் போகலாம்னு யார் சொல்லித்தருவது? கேஸ் படம் வேணும்னா கல்லூரி கேமராவில் எடுக்கட்டும், கல்லூரி கோப்பிலேயே இருக்கட்டும். எழுத்தில் சம்மதம், நோயாளியின் மொழியில், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாடி. வேண்டாம்னு சொன்னாலும் வைத்தியம் உண்டுன்னு அதிலேயே எழுதியிருக்கணும்.

லைக் நாளைக்கு மறந்துபோகும். நோயாளி வைத்த நம்பிக்கை போனால் எந்த வங்கியும் அதுக்கு லோன் கொடுக்காது.